பிழை என்று ஒதுக்கியிருந்தால்...

1979 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில், லிண்டா மொராபிட்டோ என்ற இளம் பொறியாளர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழன் கோளைக் கடந்துபோன வாயேஜர்-1, முந்தைய நாள் திரும்பிப் பார்த்து எடுத்த படம் அது. வியாழனின் நிலாக்களில் ஒன்றான அயோ அதில் இருந்தது. ஆனால் படம் அயோவுக்காக எடுக்கப்பட்டதல்ல. விண்கலம் போகும் பாதை சரிதானா என்று கணக்குப் பார்க்க, அயோவை ஒட்டித் தெரியும் மங்கலான நட்சத்திரங்கள் வேண்டியிருந்தன. அவை விழ வேண்டும் என்பதற்காக அதிக நேரம் ஒளி வாங்கி எடுத்ததில், அயோ வெளுத்துப்போயிருந்தது.

லிண்டா நட்சத்திரங்களைத் துலக்குவதற்காகத் திரையில் வெளிச்சத்தைக் கூட்டினார். அயோவின் விளிம்புக்கு வெளியே, குடை விரித்தாற்போல ஒன்று தெரிந்தது.

கேமராவின் கோளாறாக இருக்கலாம். அயோவுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் இன்னொரு நிலாவாகக்கூட இருக்கலாம். அவருடைய வேலை நட்சத்திரங்களின் இடத்தைக் குறிப்பது. குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. சக பொறியாளர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு சந்தேகமாக எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான்: தரையிலிருந்து ஏறத்தாழ 280 கி.மீ. உயரத்துக்கு எழும்பி நிற்கும் எரிமலைப் புகை. பூமிக்கு வெளியே ஓர் எரிமலை குமுறிக்கொண்டிருப்பதை மனிதர்கள் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான்.

விண்கலங்கள் அனுப்பும் படங்களை நாம் எல்லோரும் பார்த்து வியந்திருக்கிறோம். ஆனால் எந்தக் கேமராவும் தரைக்கு அடியில் பார்க்காது. பூமியிலேயே மனிதன் போட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 12 கி.மீ. சொச்சம்தான். பூமியின் மையத்தைத் தொட 6,371 கி.மீ. இறங்க வேண்டும். அப்படியிருக்க, கோடிக்கணக்கான கி.மீ. தொலைவில் சுற்றும் ஓர் உருண்டையின் வயிற்றுக்குள் இருப்பது பாறையா, இரும்பா, தண்ணீரா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடு விண்வெளி ஆய்வின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. உள்ளே இருப்பது, பெரும்பாலும் ஒரு சின்ன உறுத்தலாகத்தான் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு கறை, பாதையில் ஒரு நெளிவு, கணக்கில் ஒட்டாத ஓர் எண். அதைப் பிழை என்று ஒதுக்க மனம் வராத ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

கம்பியை வளைத்தால் சுடும்

அயோ நம் நிலவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்த அளவு உருண்டை, பிறந்தபோது இருந்த சூட்டையெல்லாம் எப்போதோ இழந்து ஆறியிருக்க வேண்டும். நம் நிலவில் எரிமலைகள் அடங்கிப்போய் யுகங்கள் ஆகிவிட்டன. அயோ மட்டும் ஏன் கொதிக்கிறது?

இதற்கான விடை, லிண்டா அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் அச்சில் வந்திருந்தது. ஸ்டான்டன் பீல், பேட்ரிக் கேசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவர், அயோவின் உள்ளே பாறை உருகிக் கிடக்கக்கூடும் என்று கணக்குப் போட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதியிருந்தார்கள். அயோ நான்கு சுற்று முடிக்கும்போது பக்கத்து நிலாவான யூரோப்பா இரண்டு சுற்றும், கனிமீடு ஒரு சுற்றும் முடிக்கின்றன. தாளம் தப்பாத இந்த ஓட்டத்தில் மற்ற இரண்டின் இழுப்பால் அயோவின் பாதை முழு வட்டமாக முடியாமல் கோணிக்கொள்கிறது. வியாழனுக்குக் கிட்டே போகும்போது ஈர்ப்பு அதைப் பிடித்து நீட்டுகிறது. தள்ளிப் போகும்போது தளர்த்துகிறது. நம் ஊர்க் கடலில் தண்ணீர் ஏறி இறங்குவதுபோல, அங்கே கெட்டியான தரையே 100 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. இரும்புக் கம்பியை ஒடிப்பதற்கு இப்படியும் அப்படியுமாக வளைத்துவிட்டு, வளைந்த இடத்தைத் தொட்டால் சுரீரென்று சுடுமே, அதே சூடுதான் அயோவின் அடுப்பு.

அப்படியானால் அதன் ஓட்டுக்கு அடியில் நாலாபுறமும் பாறைக்குழம்புக் கடல் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் பலர் நம்பினார்கள். 2023 டிசம்பர் 30 அன்றும், 2024 பிப்ரவரி 3 அன்றும் ஜூனோ விண்கலம் அயோவை 1,500 கி.மீ. நெருக்கத்தில் கடந்தது. உள்ளே கடல் இருந்தால் மேலோடு தாராளமாக நெளியும். நெளிவுக்கு ஏற்ப ஜூனோவை இழுக்கும் ஈர்ப்பு மாறும். இழுப்பு மாறினால் விண்கலத்தின் வேகம் மாறி, அது அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் இம்மியளவு நகரும். பூமியில் பெரிய டிஷ் ஆன்டெனாக்களில் அந்த இம்மியை அளந்தார்கள். நகர்ந்திருந்தது. ஆனால் கடல் இருந்திருந்தால் எவ்வளவு நகர வேண்டுமோ அந்த அளவுக்கு இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் அப்படியொரு கடல் கிடையாது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். உள்ளே பெரும்பகுதி கெட்டிப் பாறை. எரிமலைகள் தத்தம் அறைகளிலிருந்து குழம்பை எடுத்துக் கக்குகின்றன. ஒரு ரேடியோ அலையின் நடுக்கத்தை வைத்து ஓர் உலகத்தின் உட்புறத்தைப் பற்றிய நம்பிக்கையைத் திருத்தி எழுத முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

கண்ணுக்குப் பள்ளம், கணக்குக்கு மேடு

இழுப்பைப் படிக்கும் இந்தக் கலை நம் நிலவில் தொடங்கியது. அப்போலோ வீரர்கள் இறங்குவதற்கு இடம் தேடி 1960களில் அனுப்பப்பட்ட லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள், கணக்குப் போட்ட பாதையில் ஒழுங்காகப் போகாமல் அடிக்கடி விலகின. 1968இல் பால் முல்லர், வில்லியம் ஷோக்ரன் என்ற இருவர் அந்த விலகலைத் துருவினார்கள். நிலவின் பெரிய வட்டச் சமவெளிகளின் மேலே வரும்போதெல்லாம் விண்கலம் அதிகமாக இழுக்கப்படுவது தெரிந்தது. அந்தச் சமவெளிகள் பள்ளங்கள். பள்ளத்தில் பொருள் குறைவாக இருந்து இழுப்பும் குறைய அல்லவா வேண்டும்? நேர்மாறாக, அடியில் கனமான பாறை திரண்டு நின்றது. பிரம்மாண்டமான விண்கற்கள் மோதி மேலோட்டைப் பெயர்த்தெறிந்த இடங்களில், ஆழத்திலிருந்த கனமான பாறை மேலெழும்பியிருந்தது. பிற்பாடு அதன்மேல் எரிமலைக் குழம்பு வந்து நிரம்பிக் கெட்டிப்பட்டது. இந்தத் திரட்சிகளுக்கு மாஸ்கான் என்று பெயர். அவற்றின் இழுப்பு லேசுப்பட்டதல்ல. 1972இல் அப்போலோ-16 விட்டுவந்த ஒரு குட்டித் துணைக்கோள், 35 நாளில் பாதை கோணி நிலவில் மோதி நொறுங்கியது.

நாற்பது வருஷம் கழித்து அதே கோணலை ஆயுதமாக்கினார்கள். கிரெயில் திட்டத்தில் இரட்டை விண்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலவைச் சுற்றின. கனமான இடம் வந்தால் முன்னால் போவது முதலில் இழுபடும், நடுவிலுள்ள இடைவெளி கூடும். அந்த இடைவெளியில் ஒரு ரத்த அணுவின் அகலத்தைவிடச் சிறிய மாற்றத்தைக்கூட அவை அளந்தன. நிலவின் மேலோடு சராசரியாக 34 முதல் 43 கி.மீ. தடிமன்தான், அதுவரை நினைத்ததைவிட மெல்லியது என்று 2012இல் தெரியவந்தது.

வளைந்துகொடுத்த காந்தப்புலம்

சனியின் நிலாவான என்செலடஸ், 500 கி.மீ. குறுக்களவுள்ள பனிக்கட்டி உருண்டை. மைனஸ் 200 டிகிரி குளிர். அங்கே ஒன்றும் இருக்க முடியாது என்பதுதான் பொதுவான எண்ணம். 2005 தொடக்கத்தில் காசினி விண்கலம் அதை இரண்டு முறை கடந்தபோது, காந்தமானி ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தது. சனியின் காந்தப்புலம், காற்றில்லாத உருண்டையின் மேல் நேராகப் போய் முட்டாமல், எதையோ சுற்றி வளைந்துகொடுத்தது. காந்தமானிக் குழுவின் தலைவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிஷல் டோகர்ட்டி. இன்னும் நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டக் குழுவினரிடம் வாதாடினார். கருவி ஏதோ உளறுகிறது என்று ஆகிவிட்டால் கெட்டுப்போவது அவர் பெயர்தான். ஆனாலும் பின்வாங்கவில்லை. ஜூலை 14 அன்று காசினி 173 கி.மீ. நெருக்கத்தில் பறந்தது.

தென்துருவத்தில், புலியின் உடம்பு வரிகளைப்போல நான்கு நீண்ட பிளவுகள். சுற்றியுள்ள பனியைவிட அவை வெதுவெதுப்பாக இருந்தன. அவற்றின் வழியே நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. இறங்காமலே, தோண்டாமலே, அந்த நிலாவின் உட்புறம் தன்னைத் தானே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே பலமுறை புகுந்து போனது. உப்பு கிடைத்தது. சூடான நீர் பாறையோடு உறவாடினால்தான் உண்டாகும் நுண்ணிய சிலிக்கா துகள்கள் கிடைத்தன. ஹைட்ரஜன் வாயு கிடைத்தது. உயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ், உப்பு வடிவில் அங்கே இருப்பதை 2023இல், காசினி சனியில் விழுந்து எரிந்து ஆறு வருஷம் கழித்து, அதன் பழைய பதிவுகளிலிருந்து எடுத்தார்கள்.

தென்துருவத்துக்கு அடியில் மட்டும் ஓர் ஏரியா, அல்லது உருண்டை முழுக்கக் கடலா என்ற கேள்விக்கு விடை சொன்னது ஓர் ஆட்டம். அடுக்களையில் எது பச்சை முட்டை, எது அவித்த முட்டை என்று குழம்பினால் தரையில் வைத்துச் சுழற்றிப் பார்ப்போம். உள்ளே கெட்டியானது ஒரு விதமாகச் சுழலும், திரவம் உள்ளது தடுமாறும். காசினி ஏழு வருஷத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே பள்ளங்களை மறுபடி மறுபடி அளந்து, என்செலடஸ் தன் சுழற்சியில் எவ்வளவு ஊசலாடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 0.12 டிகிரி. கேட்பதற்கு ஒன்றுமில்லாத எண். ஆனால் ஓடும் உள்பாறையும் ஒட்டியிருந்தால் அவ்வளவு ஆட முடியாது. பனி ஓடு தனியாக மிதக்கிறது. அடியில் உருண்டை முழுக்கக் கடல். அந்த முடிவு 2015இல் வந்தது.

செவ்வாயின் நாடித்துடிப்பு

இழுப்பையும் ஆட்டத்தையும் தூரத்திலிருந்தே படிக்கலாம். துடிப்பைப் படிக்க வேண்டுமானால் தரையில் காதை வைத்தாக வேண்டும். 2018 நவம்பர் 26 அன்று செவ்வாயில் இறங்கிய இன்சைட் லேண்டரின் வேலை அதுதான். அதன் உயிர்நாடி, பிரான்ஸ் முன்னின்று செய்த ஒரு நிலநடுக்கமானி. அணுவைவிடச் சிறிய அசைவையும் உணரக்கூடிய அந்தக் கருவி வெற்றிடக் கூட்டுக்குள் வேலை செய்ய வேண்டும். கூட்டில் நுண்ணிய கசிவு இருந்ததால் 2016இல் கிளம்ப வேண்டிய பயணத்தையே இரண்டு வருஷம் தள்ளிவைத்தார்கள்.

இன்சைட்டின் இயந்திரக் கை அந்தக் கருவியைப் பூப்போலத் தூக்கித் தரையில் வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்ததுபோலக் காற்றுத் தடுப்பையும் மூடியது. பகலில் காற்றின் இரைச்சல். அது அடங்கிய பொழுதுகளில்தான் தெளிவாகக் கேட்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்த்து இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வோமல்லவா? நிலநடுக்கத்திலும் முதலில் வரும் அழுத்த அலைக்கும் பின்னால் வரும் குறுக்கலைக்கும் உள்ள இடைவெளி தூரத்தைச் சொல்லிவிடும். குறுக்கலை திரவத்துக்குள் போகாது, பட்டுத் திரும்பும். திரும்பிவந்த அந்த எதிரொலிகளைப் பொறுக்கி எடுத்து, செவ்வாயின் மையத்தில் உருகிய இரும்புக் கரு இருக்கிறது, அதன் ஆரம் ஏறத்தாழ 1,830 கி.மீ. என்று 2021இல் அறிவித்தார்கள்.

இங்கேதான் கணக்கு இடித்தது. கரு அவ்வளவு பெரிதென்றால் அது இரும்புக்குரிய கனத்தோடு இல்லை. அந்த அளவுக்கு லேசாக்கும் பொருட்கள் செவ்வாயில் எங்கிருந்து வந்தன என்பது புரியவில்லை. பிடிகொடுத்தது ஒரு விண்கல். 2021 செப்டம்பரில் செவ்வாயின் மறுபக்கத்தில் அது மோதியபோது எழுந்த அலைகள், கருவின் ஓரத்தைத் தடவிக்கொண்டு இன்சைட்டை வந்தடைந்தன. அவை எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்தன. 2023இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: இரும்புக் கருவைச் சுற்றி ஏறத்தாழ 150 கி.மீ. தடிமனுக்கு உருகிய பாறைப் போர்வை. முதல் கணக்கு அந்தப் போர்வையையும் சேர்த்துக் கரு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. உண்மையான கரு அதைவிடச் சிறியது, கனமானது. 2025இல் இன்னொரு குழு, கருவின் நடுவே ஏறத்தாழ 600 கி.மீ. ஆரத்தில் கெட்டியான உட்கரு ஒன்று இருப்பதாக எழுதியது. ஒரே ஒரு கருவி, ஒரே ஓர் இடத்தில் நின்று கேட்ட ஓசையிலிருந்து இவ்வளவும்.

இன்சைட்டில் எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. தரையைக் குத்திக் குத்தி 5 மீட்டர் ஆழம் போய் வெப்பத்தை அளக்க வேண்டிய ஜெர்மன் துளைப்பான், ஏறத்தாழ இரண்டு வருஷம் போராடியும், தன் உடம்பு மூடும் அளவைத் தாண்டவில்லை. அது நுழைந்த இடத்தில் மண் திரண்டு ஒட்டி, சுற்றிலும் பிடிமானம் இல்லாத குழியாகிவிட்டது. வருத்தமான தோல்விதான். ஆனால் முன்னால் போன விண்கலங்கள் கண்ட மணலைப்போல இந்த மண் இல்லை என்பதை அந்தத் தோல்விதான் சொன்னது.

முடிவு தூசியால் வந்தது. சோலார் பலகைகளில் செவ்வாயின் செம்புழுதி படிந்துகொண்டே போனது. துடைக்க வழியில்லை. கைப்பிடி மணலை அள்ளிப் பலகைக்கு அருகே தூவினார்கள். காற்று அந்த மணலைப் பலகைமேல் உருட்டிக்கொண்டு போக, கூடவே கொஞ்சம் தூசியும் போனது. அப்படி நாட்களை நீட்டிக்கொண்டிருந்தபோது, மின்சாரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்த 2022 மே 4 அன்று, 4.7 அளவில் செவ்வாய் அதிர்ந்தது. அதுவரை கேட்டதிலேயே பெரியது. அதிர்வு பல மணி நேரம் அடங்கவில்லை. விண்கல் விழுந்த பள்ளம் ஏதும் உண்டா என்று செவ்வாயைச் சுற்றும் விண்கலங்களின் படங்களைப் பல நாடுகள் சேர்ந்து அலசின. நம் இஸ்ரோவும் அதில் கைகொடுத்தது. பள்ளம் இல்லை. அடியிலிருந்தே எழுந்த அதிர்வு அது. அந்த டிசம்பரில் இன்சைட் பேச்சை நிறுத்தியது. அதன் கணக்கில் 1,300க்கும் மேற்பட்ட அதிர்வுகள் இருந்தன.

வெள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேகம் மூடிய அந்தக் கோளை மெகல்லன் விண்கலம் 1990களின் தொடக்கத்தில் ரேடாரால் படமெடுத்தது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெரிக், அந்தப் பழைய படங்களை ஏறத்தாழ 200 மணி நேரம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தார். மாட் மான்ஸ் எரிமலையருகே ஒரு வாய், 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு அகன்று வடிவம் மாறியிருந்தது. முப்பது வருஷமாக அந்தப் படங்கள் அங்கேயேதான் இருந்தன.

பாலாடை படிந்த நிலவு

1969இல் அப்போலோ-11 கொண்டுவந்த மண் பெரும்பாலும் கறுப்பு. அதில் சோற்றுக்குள் கல்போல அங்கங்கே சில வெள்ளைத் துணுக்குகள். அவை அந்த இடத்துக்கு உரியவை அல்ல. ஜான் வுட் என்ற ஆய்வாளர் அந்தத் துணுக்குகளை விடவில்லை. அவை அனார்த்தோசைட் என்ற லேசான பாறை என்றும், தொலைவிலுள்ள வெளிர்நிற மேட்டு நிலத்திலிருந்து தெறித்து வந்தவை என்றும் சொன்னார். அங்கிருந்து ஒரு பெரிய பாய்ச்சல்: நிலவு பிறந்தபோது உருகிய பாறைக் கடலாக இருந்திருக்க வேண்டும், கனமான தாதுக்கள் அடியில் இறங்க, லேசானவை காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல மேலே மிதந்து உறைந்திருக்க வேண்டும். நாம் மொட்டைமாடியில் நின்று பார்க்கும் நிலவின் வெள்ளைப் பகுதி அந்த ஆடைதான்.

அதே அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பக்கத்தில் கிடக்கிறது. இஸ்ரோ அந்தப் பாறையை வெட்டியெடுத்து, நிலவு மண்ணின் பருமனுக்கு அரைத்துப் பரப்பி, சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் அதன்மேல் சோதித்தது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்பகுதியில், ஏறத்தாழ 69 டிகிரி தெற்கில் இறங்கியது. பிரக்யான் ரோவர் 103 மீட்டர் நடந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அங்கேயும் அதே பாலாடை. அதுவரை மண்ணை நேரில் தொட்டுப் பார்த்த இடங்களெல்லாம் நிலவின் நடுக்கோட்டுப் பகுதியையும் நடு அட்சரேகைகளையும் சார்ந்தவை. தென்கோடியிலும் அதே பாறை என்றானபோது, அந்த ஆதிக் கடல் நிலவு முழுக்க இருந்தது என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது. கூடவே, ஆழத்திலிருந்து வந்திருக்கக்கூடிய மெக்னீசியம் நிறைந்த தாதுக்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. தென்துருவப் பக்கம் மோதிய பழைய விண்கல் ஒன்று அவற்றைக் கிளறி மேலே போட்டிருக்கலாம் என்கிறார்கள்.

விக்ரம் லேண்டரில் இல்சா என்ற குட்டி நிலநடுக்கமானியும் இருந்தது. செப்டம்பர் 2 வரை, மொத்தம் 190 மணி நேரம் அது நிலவின் தரையில் காது வைத்திருந்தது. 250க்கும் மேற்பட்ட சிக்னல்கள். அவற்றில் 200 அளவுக்கு, ரோவர் நகர்ந்ததாலும் மற்றக் கருவிகள் அசைந்ததாலும் வந்தவை. ரோவரின் சக்கரம் உருள உருள எழுந்த அதிர்வு தூரம் கூடக்கூடத் தேய்வதைக்கூட அது பிடித்திருக்கிறது. மிச்சமுள்ள ஏறத்தாழ 50 சிக்னல்கள் ரோவரோடும் பொருந்தவில்லை, லேண்டரின் வேறு எந்த வேலையோடும் பொருந்தவில்லை. சின்ன விண்கற்கள் மோதியதாக இருக்கலாம். வெயிலும் குளிருமாக மாறும் தரை, வெடித்து நெளிந்ததாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அந்த ஐம்பதையும் அழித்துவிடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.